பேண்ட்சா வாங்கப்போகும் மகளுக்கு

கோத்தகிரி,
ஐப்பசி, மழை விட்ட ஒரு காலை

அன்புள்ள கண்ணு,

அங்கே அமெரிக்காவில் மரம் அறுக்க எந்த பேண்ட்சா (இரண்டு சக்கரங்களில் பட்டை பிளேடு ஓடும் ரம்ப மெஷின்) வாங்கலாம் என்று நேற்று போனில் நீ கேட்டதற்குப் பாதி பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. மழை பிடித்துக்கொண்டால் நம் வீட்டில் மாடி மூலையில் மட்டும்தான் பேச்சு கேட்கும். அங்கே ஒரு கையில் குடை, ஒரு கையில் போன் என்று நின்றுகொண்டு பிளேடு டென்ஷன், அதாவது பிளேடை எவ்வளவு விறைப்பாக இழுத்து மாட்டுவது என்பது பற்றி விளக்க என்னால் ஆகாது. அதனால் எழுதுகிறேன். அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள். கையெழுத்து புரியாவிட்டால் அவளையே கேள், முப்பது வருஷமாகப் படித்துப் பழகியவள்.

நீ அனுப்பிய இரண்டு விவரத்தாளையும் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தேன். ஒன்று ரைகான் கம்பெனி, இன்னொன்று லகுனா கம்பெனி. இரண்டிலும் சக்கரம் 14 அங்குலம். இரண்டிலும் மோட்டார் ஒன்றேமுக்கால் எச்.பி. இரண்டும் உங்கள் ஊர் 110 வோல்ட்டில் ஓடும். இரண்டிலும் ஓர் அடி உயரக் கட்டையை நிறுத்திவைத்து அறுக்கலாம். பிளேடு நீளம் ஒன்றில் 111 அங்குலம், மற்றதில் 115. இந்த நாலு அங்குலத்தை வைத்துக்கொண்டா ஆறு மாதமாக யோசிக்கிறாய்? மாப்பிள்ளையை நீ மூன்றே வாரத்தில் முடிவு செய்தவள், ஞாபகம் இருக்கட்டும்.

மூன்றாவதாக ஒன்றைப் பட்டியலில் அடித்துவிட்டிருந்தாய், அந்தப் பழைய மாதிரி வார்ப்பிரும்பு உடம்புக்காரன். நல்ல மெஷின்தான். ஆனால் 6 அங்குலத்துக்கு மேல் கட்டை நுழையாது. உயரம் வேண்டுமென்றால் நடுவில் ஒரு இரும்புக் கட்டையைச் சொருகி 12 அங்குலம் ஆக்கலாம். அப்போது 93½ அங்குல பிளேடு போய் 105 வேண்டும், ஏற்கெனவே வாங்கிய பிளேடெல்லாம் வீண். நீ மரத்துண்டைப் பலகையாக்கப் போகிறவள். அடித்தது சரி.

ஆக, உன் இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் கைடில்தான் இருக்கிறது. பிளேடு மரத்துக்குள் இறங்கும்போது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடாமல் தாங்கிப் பிடிக்கிற இடம் அது. ரைகானில் சின்னச் சின்ன பேரிங்குகள். லகுனாவில் செராமிக் துண்டுகள், நம் வீட்டு ஃபியூஸ் கட்டையின் வெள்ளைப் பீங்கான் சாதி என்று வைத்துக்கொள். காய்ந்த மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஈர மரம் அறுத்தால் பேரிங் உருளும்போது மரத்தூளைப் பிளேடோடு சேர்த்து நசுக்கி அப்பிவிடும். கொஞ்ச நேரத்தில் தார் பூசியதுபோல ஆகும். செராமிக் அதைச் சுரண்டித் தள்ளிவிடும். ஆனால் செராமிக் கீழே விழுந்தால் உடையும், பேரிங் தேய்ந்தால் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். அவ்வளவுதான் விஷயம். இதில் ஒன்று நல்லது ஒன்று கெட்டது என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் ஒன்றைத்தான் வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

என் கதை உனக்குத் தெரியாது. நீ அப்போது காலேஜில் இருந்தாய். டீ ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆன கையோடு கோயமுத்தூர் போய் ஒரு பேண்ட்சா வாங்கினேன். கடைக்காரர் 2 எச்.பி. மோட்டார் என்றார், எனக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. ஃபிட்டர் புத்தி, மோட்டார் பெரிதென்றால் மெஷின் பெரிது. கீழ் எஸ்டேட்டில் காற்றுக்கு விழுந்த சில்வர் ஓக்கில் ஒரு துண்டு கிடைத்தது. 8 அங்குல உயரத்தில் நிறுத்தி அறுத்தேன். மேலே கோடு போட்ட இடத்தில் நூல் பிசகாமல் போகிறது, கீழேயும் சரியாக இருக்கிறது. பலகையைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் வயிறு! உள்ளே பிளேடு வில் மாதிரி வளைந்து போயிருக்கிறது. மூன்று பலகை, மூன்றிலும் தொப்பை. கடைக்காரரைத் திட்டினேன், மோட்டாரைத் திட்டினேன், வோல்டேஜ் குறைவு என்று ஈ.பி. ஆபீஸ் வரைக்கும் நடந்தேன்.

கடைசியில் பார்த்தால் பிளேடு. மெஷினோடு வந்த பிளேடில் அங்குலத்துக்குப் பத்துப் பல். எட்டு அங்குல மரத்துக்குள் ஒரே சமயத்தில் எண்பது பல் இருக்கிறது. ஒவ்வொரு பல்லுக்கு நடுவிலும் இருக்கிற பள்ளம் இத்துனூண்டு. தூள் நிரம்பி, வெளியே வர வழியில்லாமல், பிளேடு தன் போக்கில் ஒதுங்குகிறது. அங்குலத்துக்கு மூன்று பல் உள்ள பிளேடு மாட்டியதும் பாதி நோய் போய்விட்டது. மீதிப் பாதி மெஷின் உடம்பின் தகடு மெல்லிசாக இருந்ததால்; டென்ஷன் ஏற்றினால் மேல் பாகமே லேசாகக் குனியும். அதற்கு மருந்து இல்லை.

அதனால் விவரத்தாளில் இல்லாத ஒன்றைத்தான் நீ கடையில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு அளவுகோல் எடுத்துக்கொண்டு போ. கரண்ட் இல்லாமல் மூடியைத் திறக்கச் சொல். மேல் சக்கரம், கீழ்ச் சக்கரம் இரண்டின் முகத்திலும் நீளமான நேர்ப்பட்டையை ஒட்டிவைத்துப் பார், ஒரே தளத்தில் இருக்கிறதா என்று. சிலதில் கொஞ்சம் முன்பின் இருக்கும், சரிசெய்துகொள்ளலாம். 4 நூல் பிளேடை மாட்டி டென்ஷன் ஏற்றும்போது உன் கையை மேல் உடம்பில் வை, அசைகிறதா என்று கைக்குத் தெரியும். (அங்கே அரை அங்குலம் என்று சொல், நூல் கணக்கு அவர்களுக்குப் புரியாது. நீயும் மறந்திருந்தால்: எட்டு நூல் ஒரு அங்குலம்.) அப்புறம் கைடு தாங்கும் தண்டை மேலே வைத்துக் கைடைச் சரிசெய்துவிட்டு, அப்படியே கீழே இறக்கு. கீழே வந்ததும் பிளேடுக்கும் கைடுக்கும் உள்ள இடைவெளி மாறியிருந்தால் அந்தத் தண்டு கோணல். ஒவ்வொரு தடவை உயரம் மாற்றும்போதும் நீ கைடைத் திருத்திக்கொண்டே இருப்பாய். எந்த மெஷின் இதில் தேறுகிறதோ அது உன்னுடையது. ரைகானா லகுனாவா என்பதைவிட, கடையில் நிற்கிற அந்த ஒரு மெஷின் எப்படி என்பதுதான் முக்கியம்.

பிளேடு சக்கரத்தை விட்டு நழுவாமல் எப்படி ஓடுகிறது? இதே கேள்வியைச் சின்ன வயதில் ஃபேக்டரிக்கு வந்தபோது ஒரு பெல்ட்டைக் காட்டிக் கேட்டாய். அப்போது பதில் சொல்வதற்குள் சைரன் அடித்துவிட்டது. பழைய ஃபேக்டரிகளில் கூரை ஓரமாக நீளமாக ஒரு ஷாஃப்ட் ஓடும், அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தட்டை பெல்ட் இறங்கும். அந்தப் புல்லிகளைத் தொட்டுப் பார்த்தால் நடுவில் லேசாக மேடு இருக்கும். பெல்ட் எப்போதும் உயரமான பக்கத்தைத் தேடி ஏறும். ஓரத்தில் மேடு வைத்தால் கழன்று விழும், நடுவில் வைத்தால் நடுவிலேயே நிற்கும். முதன்முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய ஃபிட்டர் சாக்குத் துணியில் ஒரு பட்டை கிழித்து ஓட்டிக் காட்டினார். பேண்ட்சா சக்கரத்தின் ரப்பர் டயரிலும் அதே மேடுதான். மேல் சக்கரத்தைக் கொஞ்சம் சாய்க்க ஒரு திருகு இருக்கும். பிளேடு முன்னே பின்னே போனால் அதைத் திருகு. கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, திருகைக் கால்வாசிச் சுற்றுக்கு மேல் திருப்பாமல். வேலை முடிந்ததும் டென்ஷனைத் தளர்த்திவிடு. நான் ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே விட்டேன், டயரில் பிளேடு உட்கார்ந்த இடம் பள்ளம் விழுந்து, ஓட்டினால் டக் டக் என்று சத்தம்.

இந்த ரம்பத்துக்கு இங்கிலாந்தில் 1800-களின் தொடக்கத்திலேயே ஒருவர் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் பட்டையின் இரண்டு முனையையும் முறியாமல் பற்றவைக்கத் தெரியாததால் ரொம்பக் காலம் பயன்படாமல் கிடந்தது. 1846-ல் பிரான்சில் அதற்கு வழி கண்டுபிடித்தவர் ஆன் போலின் க்ரெப்பின் என்ற பெண். பட்டறையில் உன்னை யாராவது ஒரு மாதிரி பார்த்தால் சொல்.

பிளேடு மூன்று வாங்கு. பலகை பிளக்க 4 நூல் அகலம், அங்குலத்துக்கு மூன்று பல். வளைவுக்கு 2 நூல், ஆறு பல். பொது வேலைக்கு 3 நூல். 6 நூல் பிளேடும் மாட்டலாம் என்று இரண்டு விவரத்தாளிலும் இருக்கும். மாட்டலாம், ஆனால் இந்த அளவு மெஷினில் டென்ஷன் ஏற்றும் ஸ்பிரிங் அதற்கு வேண்டிய இழுவையைத் தராது. விறைப்பாக நிற்கிற 4 நூலே மேல். எந்த மெஷின் விலை குறைவோ அதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை பிளேடில் போடு என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் நீ அறுக்கப்போவது அந்தப் பச்சை வண்டு கொன்ற ஆஷ் மரம் என்கிறாய். உங்கள் மிச்சிகனில்தான் அது 2002-ல் முதலில் கண்ணில் பட்டது என்று மாப்பிள்ளை சொன்னார். பட்டைக்கு அடியில் புழு குடைந்து மரத்துக்குச் சாப்பாடு போகவிடாமல் செய்துவிடுமாம், உள்கட்டை கெடாதாம். சரி, மரம் செத்திருந்தாலும் நறுக்கிப்போட்டு இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். அதனால் என் ஓட்டு செராமிக்குக்கு, நூலளவு கூடுதலாக.

ஒன்று மட்டும் கவனம். உருண்டைக் கட்டையை அப்படியே மேசை மேல் வைத்துத் தள்ளாதே. பிளேடு கீழ்ப்பக்கம் இழுக்கிறது, கட்டைக்கு அடியில் பிடிமானம் இல்லை, ஒரு நொடியில் உருட்டி உள்ளே இழுத்துவிடும். கை கூடவே போகும். ஒரு பலகையில் கட்டையை ஸ்க்ரூ போட்டு இறுக்கி, பலகையோடு சேர்த்துத் தள்ளு. ஒரு பக்கம் தட்டையானதும் அதை அடியில் வைத்து மீதியை அறு. கைடை மரத்துக்கு மேல் 2 நூல் இடைவெளிக்கு இறக்கு. கையுறை வேண்டாம், துப்பட்டா வேண்டாம், முடியைக் கட்டு. கட்டையின் இரண்டு முனையிலும் இன்றைக்கே பெயிண்ட் அடி, இல்லாவிட்டால் அறுப்பதற்குள் வெடித்துவிடும். அறுத்த பலகையை நடுவில் குச்சி வைத்து அடுக்கு; ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது இங்கேயும் அங்கேயும் ஒரே கணக்கு. இங்கே மஞ்சு மூடினால் இரண்டு வருஷம்.

கரேஜில் குளிருக்கு ஹீட்டர் வைத்திருக்கிறாய் இல்லையா? இந்த மோட்டார் முழு வேலையில் பதினைந்து ஆம்பியரை ஒட்டி இழுக்கும். இரண்டையும் ஒரே வயரில் மாட்டினால் ட்ரிப் ஆகும். தனி லைன் இழுக்கச் சொல்.

போன வாரம் அந்தத் தொப்பைப் பலகை ஒன்றை இழைத்து அம்மாவுக்கு அஞ்சறைப் பெட்டி செய்தேன். மரத்தின் நடுவிலிருந்து பட்டை நோக்கி அறுபட்ட சில்வர் ஓக் இல்லையா, இழைப்புளி ஓடியதும் சரிகை போட்ட மாதிரி மினுக்குகிறது. மஞ்சள் கறை படுமே என்று அவள் அதில் சாமான் போடாமல் ஷோகேஸில் வைத்திருக்கிறாள்.

திரும்பி வரும்போது மெஷினைக் கொண்டு வருவாயா என்று கேட்கச் சொன்னாள். அந்த மோட்டார் இங்கே அப்படியே ஆகாது. நம் கரண்ட் 230 வோல்ட், 50 சைக்கிள்; அங்கே 60 சைக்கிள். டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் அங்கே ஆறு சுற்று சுற்றுவது இங்கே ஐந்துதான் சுற்றும். மோட்டாரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அது எனக்கு அரை நாள் வேலை. கொட்டகையின் கிழக்கு மூலையில் மூன்றடிக்கு மூன்றடி இடம் ஒழித்து வைத்தேன். மறுநாளே உன் அம்மா அதில் சீகை விறகு அடுக்கிவிட்டாள். இருக்கட்டும், தை மாதப் பனிக்குள் தீர்ந்துவிடும்.

அன்புடன்,
அப்பா