மரத்தைக் குறித்த பிறகு வரைபடத்தில் முத்திரை வையுங்கள்

சென்னையில் கட்டட வரைபடங்களுக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கும், மரம் வெட்ட அனுமதி தரும் குழுவினருக்கும்,

வணக்கம்.

எங்கள் தெருவின் எதிர்ச்சாரியில் உள்ள பழைய அரசு ஊழியர் குடியிருப்பைப் பற்றி எழுதுகிறேன். எந்தக் குடியிருப்பு என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் கொடுத்த மனுக்களும், அவற்றுக்கு நீங்கள் அனுப்பிய ஒரே மாதிரியான பதில்களும் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன.

கிழக்குப் பக்க பிளாக்குகளை இடித்த கையோடு அங்கிருந்த மரங்கள் அத்தனையும் போய்விட்டன. தொடர் விடுமுறையாகப் பார்த்து, சனிக்கிழமை விடியும் முன்பே ரம்பங்கள் வந்து இறங்கின. யாரிடம் முறையிடுவது? அலுவலகம் மூடியிருந்தது, நீதிமன்றமும் விடுமுறையில் இருந்தது. அலுவலகம் திறந்த நாளில் அடிமரங்கள்கூட லாரி ஏறிப் போயிருந்தன. இப்போது மேற்குப் பக்கம் மட்டும் மிச்சம் இருக்கிறது. அங்கே நிற்கும் நாவல், மகிழம், வேம்பு, தூங்குமூஞ்சி எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதிவிட்டார்கள். எண் எழுதிய மரத்துக்கு அடுத்து என்ன நடக்கும் என்பதைக் கிழக்குப் பக்கத்தில் பார்த்துவிட்டோம். அதனால்தான் இந்த மடல்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். வரைபடத்துக்கு ஒப்புதல் தருவதற்கு முன்பே, மனையில் நிற்கும் வளர்ந்த மரங்களை அளவெடுத்து அந்த வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அவற்றை விட்டுவிட்டுக் கட்ட வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகு முத்திரை வையுங்கள்.

வீடு கட்டக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த பிளாக்குகளில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்ததையும், கம்பி துருப்பிடித்துத் தொங்கியதையும், அதற்குக் கீழே குழந்தைகள் படுத்து உறங்கியதையும் அருகில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். இடிக்க வேண்டியவைதான், இடித்தார்கள். இடிந்து விழும் நிலையில் இருந்தவை கட்டடங்கள். அவற்றோடு மரங்களையும் ஏன் சாய்த்தீர்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

ஒப்புதல் பெற்ற வரைபடத்தை மிகுந்த அலைச்சலுக்குப் பிறகு பார்க்கக் கிடைத்தது. கார் நிறுத்தும் இடம், மின்மாற்றி, ஜெனரேட்டர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என எல்லாம் அதில் இருந்தன. புதிதாக நடப்போகும் செடிகளுக்கு அழகான சிறு பச்சை வட்டங்கள் போட்டிருந்தார்கள். அரை நூற்றாண்டாக அங்கே நின்றுகொண்டிருக்கும் ஒரு மரத்தைக்கூடக் குறிக்கவில்லை. அந்த வரைபடத்தைப் பொறுத்தவரை அது வெற்று மனை. அதற்கு ஒப்புதல் கிடைத்து, டெண்டர் முடிந்து, ஒப்பந்தக்காரர் இயந்திரங்களோடு வந்து இறங்கிய பிறகுதான் 'கட்டுமானத்துக்கு இடையூறாக உள்ள மரங்கள்' என்ற பட்டியல் மரக் குழுவுக்குப் போகிறது. அந்தக் கட்டத்தில் குழுவால் என்ன செய்ய முடியும்? தூண் வரும் இடம் முடிவாகிவிட்டது, அடித்தளத்துக்குத் தோண்டும் எல்லையும் முடிவாகிவிட்டது. குழு உறுப்பினர்கள் எத்தனை நல்லவர்களாக இருந்தாலும், கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழி அவர்களுக்கு விடப்படவில்லை.

இதில் எவருடைய கணக்கிலும் வராத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழக்குப் பக்கச் சுற்றுச்சுவருக்கு உள்ளே நின்று, வெளியே நடைபாதை வரை கிளை பரப்பியிருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் ஓர் அம்மா இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். அவருடைய மாமியார் காலத்திலிருந்தே வண்டி அங்கேதான் நிற்கிறது. மரம் போன பிறகு அவர் வெட்டவெளியில் நிற்கிறார். மே மாத வெயிலில், கரி நிரப்பிய இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி ஒரு மணி நேரம் நின்று பார்த்தால்தான் அது என்னவென்று புரியும். நான்கு கம்பு நட்டு நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கட்டினார். நடைபாதை ஆக்கிரமிப்பு என்று அதை அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். அவிழ்த்துவிட்டார். இப்போது காலையில் பத்து மணி வரையும், பிறகு சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகும்தான் பெட்டி போடுகிறார். பாதி வீடுகளின் துணிகள் வேறு இடத்துக்குப் போய்விட்டன. "வெயிலு எங்களுக்குப் புதுசு இல்லண்ணா. நடுப்பகல்ல ஒரு வாய் சோறு உக்காந்து துன்ன இடமில்ல பாரு, அதான் தாங்கல" என்றார்.

அவருக்கு அந்தக் குடியிருப்பில் வீடு இல்லை. ஆகவே கருத்துக் கேட்புக்கு அவரை அழைக்க விதி இல்லை. அதே நிழலில் நின்ற ஆட்டோக்காரர்கள், மதியச் சாப்பாட்டைப் பிரித்து உட்கார்ந்த துப்புரவுப் பணியாளர்கள், பள்ளி விடும் நேரத்துக்குப் பிள்ளைகளை அழைக்க வந்து நின்ற பாட்டிகள், எவருக்கும் அங்கே சொத்துரிமை கிடையாது. வீட்டுக்குள் ஏசி வைத்திருப்பவர்களுக்கு மரம் ஒரு காட்சி. இவர்களுக்கு இருந்த ஒரே கூரை அது. எந்தப் படிவத்தில், எந்தக் கட்டத்தில் இவர்களுடைய இழப்பை எழுதுவீர்கள்?

ஒன்றுக்குப் பத்துக் கன்று நடுகிறோம் என்று உங்கள் பதிலில் இருக்கிறது. எங்கே, யார் தண்ணீர் ஊற்றுவார்கள், மூன்று கோடை தாண்டி எத்தனை பிழைத்தன என்று அதில் இல்லை. முழங்கால் உயரக் கன்று பத்து நட்டாலும் இந்தக் கோடையில் ஓர் ஆள் நிற்க நிழல் கிடைக்காது. புறநகரில் ஓர் ஏரிக்கரையில் நடுகிற கன்று எங்கள் தெருவுக்கு எதுவும் செய்யாது. நடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை நின்ற மரத்துக்கு ஈடாகக் கணக்கில் எழுதாதீர்கள். மரத்துக்குப் பண மதிப்புப் போட முடியுமா என்று உச்ச நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு, ஓர் ஆண்டு வயதுக்கு 74,500 ரூபாய் என்று 2021இல் கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கில் ஐம்பது வயது மரம் ஒன்றின் மதிப்பு 37 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய். அரசுச் சொத்தான ஒரு கட்டடச் சுவரை இந்த மதிப்புக்கு இடித்திருந்தால் எத்தனை விசாரணை நடந்திருக்கும்?

வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடலாமே என்பது அடுத்த பதில். தில்லியில் அதைப் பெரிய அளவில் செய்தார்கள். மூன்றாண்டுகளில் பெயர்த்து நட்ட 16,461 மரங்களில் பிழைத்தவை 5,487தான் என்று அந்த அரசின் வனத்துறையே 2022இல் உயர் நீதிமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. மூன்றில் இரண்டு செத்துப்போயின.

பழைய மரம் புயலில் விழும், ஆபத்து என்றும் சொல்லப்பட்டது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா அடித்தபோது நாங்களும் இந்த ஊரில்தான் இருந்தோம். ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன, உண்மை. குல்மொகர், பெருங்கொன்றை போன்ற வெளிநாட்டு மரங்கள் நிறைய விழுந்தன. அவற்றோடு கேபிள் புதைக்கவும் மழைநீர் வடிகால் கட்டவும் ஒரு பக்க வேரை வெட்டி எடுத்த மரங்களும் விழுந்தன. வேரை அறுத்துவிட்டு, அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் மண்கூட விடாமல் சிமென்ட் பூசிவிட்டு, மரம் தானாக விழுந்தது என்று அறிக்கை எழுதுவது நியாயம் இல்லை. ஆபத்தான மரம் இருந்தால் அதைத் தனியாகப் பரிசோதித்து, காரணத்தை எழுதி, வெட்டுங்கள். எங்களில் ஒருவரும் குறுக்கே நிற்க மாட்டோம்.

ஒப்புதல் கொடுத்த வரைபடத்தை மாற்ற முடியாது என்று சொல்லாதீர்கள். 2018இல் தில்லியில் சரோஜினி நகர், நௌரோஜி நகர், நேதாஜி நகர் உட்பட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்காக 14,000க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டப் போனார்கள். மக்கள் மரங்களைக் கட்டிப் பிடித்து நின்றார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன் பிறகு, வடிவமைப்பை மாற்றுவோம் என்று ஒன்றிய அமைச்சகமே சொன்னது. முதலில் முடியாது என்றது பிறகு முடிந்தது. அதற்கு முன் விழுந்துவிட்ட மரங்கள்தான் திரும்பவில்லை. இங்கேயும் அப்படி ஆக வேண்டுமா?

வழி உங்கள் விதிகளிலேயே இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும், அல்லது அதன் மதிப்பைப் பணமாகக் கட்ட வேண்டும். மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதை நிலமாகவே தர வேண்டும். அந்தப் பத்து விழுக்காட்டை மரக்கூட்டம் நிற்கும் இடத்திலேயே ஒதுக்கச் சொல்லுங்கள். மேற்குப் பக்கத்தில் நாவலும் மகிழமும் ஒரே மூலையில்தான் நிற்கின்றன. வேரைக் காப்பதற்கும் தெரிந்த அளவு ஒன்று உண்டு. அடிமர விட்டத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சுற்றிலும் தோண்டக் கூடாது, மண் கொட்டக் கூடாது, லாரி ஏற்றக் கூடாது. மரத்தின் ஊட்டவேர்கள் பெரும்பாலும் மேல் மண்ணில், ஒரு மீட்டர் ஆழத்துக்குள்தான் பரவுகின்றன. மரத்தை வெட்டாமல் விட்டுவிட்டு அதன் ஓரமாகவே அடித்தளக் கார் நிறுத்தத்துக்குத் தோண்டினால், அது இரண்டு மூன்று வருடங்களில் நின்றபடியே பட்டுப்போகும். அப்போது 'பட்ட மரம்' என்று இன்னொரு அனுமதி வாங்குவார்கள்.

தில்லிக்கு 1994இல், கர்நாடகத்துக்கு 1976இல், மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975இல் மரப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. நம்மிடம் 1955இலேயே மலைப் பகுதி மரங்களுக்கு ஒரு சட்டம் வந்தது, அன்றைக்கு அது முன்னோடி. சமவெளி நகரங்களுக்கு அப்படி ஒன்று இன்னும் இல்லை. மரம் வெட்ட அனுமதி தரும் பசுமைக் குழுக்களும் அரசு நிலத்து மரங்களோடு நின்றுவிடுகின்றன. இதற்கிடையே 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடி உடைமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே பழைய தனியார் குடியிருப்புகளையும் இடித்துக் கட்டலாம். கோடம்பாக்கத்திலும் அண்ணா நகரிலும் பெசன்ட் நகரிலும் இருக்கும் நிழலில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பழைய வளாகங்களுக்குள்தான் நிற்கிறது. காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவோம் என்று பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை 2022இல் தொடங்கியதும் இந்த மாநிலத்தின் அரசுதான். ஒரு துறை கன்று நட, இன்னொரு துறை மரத்தை இல்லாததாக வரைந்த தாளில் முத்திரை வைக்கிறது. இந்த ஊரில் வெயில் கொடுமை என்று எல்லாரும் பேசுகிறோம், சுற்றறிக்கை அனுப்புகிறோம், மோர்ப்பந்தல் போடுகிறோம். பந்தலே தேவைப்படாத இடங்களை மட்டும் பாதுகாக்காமல் விடுகிறோம்.

கோபத்தில் அளவு மீறி எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தில் வேலைப்பளுவும் ஆள் பற்றாக்குறையும் இருப்பதை நாங்கள் அறிவோம். வந்து போன ஒவ்வொரு முறையும் மரியாதையாக உட்காரவைத்துப் பேசிய அலுவலர்களும் உங்களிடம் இருக்கிறார்கள்.

பணிவோடு மீண்டும் கேட்கிறோம். மேற்குப் பக்க பிளாக்குகளுக்கான பணியை, மரங்களைக் குறித்த புதிய வரைபடம் வரும்வரை நிறுத்தி வையுங்கள். எந்தெந்த மரத்தை எதற்காக வெட்ட வேண்டியிருக்கிறது என்பதைத் தமிழில் எழுதி, வெட்டுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே வாசலில் பலகையாக வையுங்கள். விடுமுறை நாளில் வெட்ட அனுமதி தராதீர்கள். குழு இடத்தைப் பார்வையிட வரும் நாளை எங்களுக்குச் சொல்லுங்கள், அந்த இஸ்திரிக்கார அம்மாவையும் அழைத்துக்கொண்டு வருகிறோம். அளவெடுக்க ஆள் இல்லை என்றால் டேப் பிடிக்க எங்கள் தெருவில் ஆள் இருக்கிறது.

வரும் கோடைக்கு முன் பதில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
எதிர்ச்சாரி வீடுகளில் ஒன்றிலிருந்து