பேரிடர் ஒத்திகை இரவுப் பணியிலும் நடக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக மருத்துவமனைகளில் நடத்தப்படும் பேரிடர் ஒத்திகை குறித்து, ஓய்வுபெற்ற செவிலியர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் கலந்துகொண்ட ஒத்திகைகள் அனைத்தும் வேலை நாளில், மருத்துவர்கள் எல்லோரும் இருக்கும் முற்பகலில்தான் நடந்தன. ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில்; 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டத் தொடங்கியதும் ஞாயிறன்றுதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது.

கஜா இரவில் நான் பணியில் இருந்த மருத்துவமனையில் ஒரு மருத்துவரும் நாங்கள் மூன்று செவிலியரும் மட்டுமே இருந்தோம். மின்சாரம் நின்ற சில மணி நேரத்தில் ஜெனரேட்டரும் டீசலின்றி நின்றது. டீசல் இருப்பு அறையின் சாவி வைத்திருந்தவர் வீட்டில் இருந்தார். வழியெங்கும் மரங்கள் விழுந்து கிடந்தன. மூச்சுத்திணறலோடு இருந்த முதியவர் ஒருவருக்கு விடியும்வரை, விரல்கள் மரத்துப்போக, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை முறைவைத்து அழுத்தினோம். அவர் பிழைத்துக்கொண்டார் என்பதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

டீசல் இருப்பைச் சரிபார்ப்பதைவிட முக்கியமானது, யாருக்கு முதலில் சிகிச்சை என்று காயம்பட்டவர்களை வகைப்பிரிக்கும் பயிற்சி. கூட்டமாக வரும்போது அலறுகிறவரிடம்தான் கால்கள் முதலில் ஓடுகின்றன. சத்தமின்றிக் கிடப்பவரே பெரும்பாலும் உயிருக்குப் போராடுகிறார். நடக்க முடிந்தவர்களை ஒருபுறம் அனுப்பிவிட்டு, மற்றவர்களில் மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டாமல் இருக்கிறதா, அழுத்திய நகத்தில் 2 நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா, 'கையைப் பிடியுங்கள்' என்றால் பிடிக்கிறாரா என்று பார்த்து, இவற்றில் ஒன்று தவறினாலும் உடனடிச் சிகிச்சை தேவை என்று காட்டும் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்குள் முடியும் இந்தச் சோதனையை ஒரு பிற்பகலில் கற்றுவிடலாம்; பதற்றத்திலும் கை தானாகச் செய்யும்படி ஆக்கத்தான் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். வாசலில் நோயாளியை முதலில் தூக்குபவர்கள் காவலாளிகளும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுமே என்பதால், அவர்களுக்கும் 108 ஊழியர்களுக்கும் சேர்த்தே இதைக் கற்பிக்க வேண்டும்.

எனவே, ஆண்டுதோறும் செப்டம்பர் முடிவதற்குள் ஓர் ஒத்திகையையாவது முன்னறிவிப்பின்றி இரவு 2 மணிக்கு, அப்போது பணியில் இருப்பவர்களை மட்டும் வைத்து நடத்தவும், டீசல் அறைச் சாவி அந்நேரம் யாரிடம் இருக்கிறது என்பதை அறிக்கையில் பதிவுசெய்யவும் சுகாதாரத் துறையினர் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருத்துறைப்பூண்டி.