ஆகஸ்ட் கடைசியில் வாருங்கள்

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. சம்பந்தி ஐயா பணி ஓய்வு பெறுவதைக் கொண்டாட, அவரையும் சம்பந்தி அம்மாவையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நீ எடின்பரோவுக்கு வரவிருப்பதிலும், ஓர் இரவு லீத் துறைமுகத்து உணவகம் ஒன்றில் அவர்களை ஸ்காட்லாந்தின் சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிட வைக்க நினைப்பதிலும் எனக்கும் உன் அம்மாவுக்கும் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் டிசம்பர் என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் மறுபடி யோசித்துப் பார். மெல்பர்னில் உனக்கு அது கோடை, நீண்ட விடுமுறை. இங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். இருட்டையும் குளிரையும் நினைத்து நான் இதைச் சொல்லவில்லை. நீ போக விரும்பும் வகையைச் சேர்ந்த உணவகங்களில் என்ன சாப்பிடுவது என்பதை நாம் முடிவு செய்வதில்லை, மாதம்தான் முடிவு செய்கிறது. எனவே என்ன சாப்பிட ஆசை என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதற்கு உரிய மாதத்துக்கு விமானச் சீட்டு எடுப்பதே முறை.

நீ இந்த நாட்டில் வளர்ந்தவள்தான். ஆனாலும் பள்ளி நாள்களில் நீ அறிந்த ஸ்காட்லாந்துச் சாப்பாடு பொரித்த மீனும் சிப்ஸும்தானே? அதற்காக உன்னைக் குறை சொல்ல முடியாது. இந்த நாட்டின் கடலிலும் மலையிலும் கிடைத்த நல்ல பொருள்களில் பெரும்பகுதி அப்போதெல்லாம் லாரியேறி வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்றும் போகிறது. அவற்றில் கொஞ்சத்தையாவது இங்கேயே நிறுத்திச் சமைக்க வேண்டும் என்று சில சமையற்காரர்கள் பிடிவாதமாக நின்றதால்தான் இப்படிப்பட்ட உணவகங்கள் உண்டாயின.

என் விருப்பத்தைக் கேட்டால் லீத்தில் உள்ள ‘தி கிச்சின்’ என்பேன். டாம் கிச்சினும் அவர் மனைவி மிக்கேலாவும் 2006-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டே, உணவகங்களைத் தரம் பார்க்கும் மிஷலின் கையேட்டின் நட்சத்திரம் கிடைத்தது. ஒரு காலத்தில் தீர்வை கட்டுவதற்கு முன் விஸ்கியைப் பூட்டி வைத்திருந்த பழைய கிடங்குக் கட்டடத்தில் அது நடக்கிறது. உட்கார்ந்ததும் உணவுப் பட்டியலோடு ஸ்காட்லாந்தின் வரைபடம் ஒன்றையும் தருவார்கள். எந்தப் பொருள் எந்தத் தீவிலிருந்து, எந்தக் கடற்கரையிலிருந்து வந்தது என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். நில வரி அலுவலகத்தில் வாழ்நாளைக் கழித்த சம்பந்தி ஐயாவுக்குச் சாப்பாட்டை விட அந்த வரைபடம் பிடித்துப்போனாலும் நான் வியப்படைய மாட்டேன்.

இனி மாதத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை உள்ள காலத்தையே நான் பரிந்துரைப்பேன். அப்போதுதான் கோடையின் பொருள்கள் முடிந்தும் முடியாமலும் இருக்கையில் இலையுதிர் காலத்தின் பொருள்கள் வந்து சேர்கின்றன. பெர்த்ஷயர், ஆங்கஸ் பக்கத்து ராஸ்பெர்ரிப் பழங்களின் கடைசிப் பறிப்பு, பிர்ச் மரக் காடுகளில் முளைக்கும் மஞ்சள் நிற ஷான்ட்ரெல் காளான், கொழுப்பேறிய கானாங்கெளுத்தி, நண்டு, சிங்கி இறால் எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கும். இவற்றோடு கிரவுஸ் பறவையும் உண்டு.

கிரவுஸ் நம் கௌதாரியை ஒத்த பறவை. உணவகத்துக்கு வருவது பண்ணையில் வளர்த்ததன்று. ஹெதர் புதர் மண்டிய மேட்டு நிலங்களில் அதன் தளிரைத் தின்று தானாக வளர்ந்தது. அதைச் சுடுவதற்கான பருவம் ஆகஸ்ட் 12-ல் தொடங்கி டிசம்பர் 10-ல் முடிகிறது. இந்தக் கணக்கு 1772-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றிலிருந்தே வருகிறது. குஞ்சு பொரிக்கும் காலத்தில் மழையும் குளிரும் மிகுந்துவிட்டால் அந்த ஆண்டு பறவை குறையும், பட்டியலிலிருந்தும் அது காணாமற்போகும். அதன் இறைச்சி கருஞ்சிவப்பாகவும் ஈரலைப் போலச் சற்றுக் கசப்பாகவும் இருக்கும். பாலில் ரொட்டித் தூளைக் காய்ச்சிச் செய்யும் வெண்ணிறக் குழம்பு ஒன்றை அதனுடன் வைப்பது வழக்கம். மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு முறையாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டியது. மெதுவாகக் கடிக்கச் சொல், சில சமயம் சிறு குண்டு ஒன்று பல்லில் தட்டும். அந்தப் பறவைக்காக மேட்டு நிலங்களை எரித்துப் பராமரிப்பது குறித்து இங்கே நீண்ட நாள் சண்டை உண்டு. 2024-ல் கொண்டுவந்த சட்டப்படி கிரவுஸ் சுடும் நிலங்களுக்கு இப்போது உரிமம் வேண்டும். உன் அம்மா அதைத் தொடுவதில்லை, நான் சாப்பிடுகிறேன்.

கடல் உணவைப் பற்றித்தான் உனக்கு விரிவாக எழுத ஆசை, ஏனென்றால் விலையைக் கண்டு சம்பந்தி ஐயா கேட்கப்போகும் கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. பல வகைகளை வரிசையாகப் பரிமாறும் முழு விருந்துக்கு ஆளுக்கு நூறு பவுண்டுக்கு மேல் ஆகும், மது தனி. பட்டியலில் ‘கையால் எடுத்த ஆர்க்னி ஸ்காலப்’ என்று ஒன்று இருக்கும். ஸ்காலப் விசிறி வடிவ ஓடு கொண்ட பெரிய சிப்பி. அதைப் பிடிக்க இரண்டு வழிகள் உள்ளன. இரும்புப் பற்கள் வைத்த கனத்த வாரியைப் படகின் பின்னால் கட்டிக் கடலடியில் இழுத்துக்கொண்டே போவது ஒரு வழி. சிப்பியோடு சேர்ந்து மணலும் பாசியும் குஞ்சு மீன் ஒளிந்து வளரும் இடமும் கிளறப்பட்டுப் போகும். முக்குளிப்பவர் ஒருவர் கீழே இறங்கி, வளர்ந்ததை மட்டும் பார்த்து ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவது மற்றொன்று. நம் தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களைச் சிறு வயதில் பார்த்து வளர்ந்தவன் நான் என்பதால், அந்தச் சிப்பி தட்டில் வந்தபோது அதன் விலையில் எனக்கு வியப்பு எழவில்லை. தண்ணீருக்கடியில் இருக்கக்கூடிய நேரத்துக்கும் எடுக்கக்கூடிய எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்குத்தான் விலை. கிச்சினில் அதை ஓட்டோடு வைத்து, விளிம்பை மாவால் அடைத்து, அடுப்பில் வேக வைத்துக் கொண்டுவருவார்கள். மாவை உடைத்ததும் வரும் ஆவியை முகர்வதற்காகவே உன் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொள்வாள்.

அர்ரன் தீவைச் சேர்ந்தவர்கள், வாரி இழுத்துப் பாழான தங்கள் கடலைக் காக்க ஆண்டுக்கணக்கில் போராடி, 2008-ல் லாம்லாஷ் விரிகுடாவின் ஒரு பகுதியில் எதையும் பிடிக்கக்கூடாது என்ற தடையைப் பெற்றார்கள். அந்தப் போராட்டத்தைத் தொடங்கியவர்களும் கடலுக்குள் இறங்கிப் பார்த்த முக்குளிப்பவர்களே. மேலே நின்று பார்ப்பவனுக்கு வாரி இழுத்த கடலும் இழுக்காத கடலும் ஒரே நீலமாகத்தான் தெரியும்.

அடுத்தது லாங்குஸ்டீன். ஒல்லியான நீண்ட கொடுக்குகள் கொண்ட, சிங்கி இறாலின் சிறிய உறவுக்காரன். மேற்குக் கரையோர நீரிணைகளில் கூடு போட்டு உயிரோடு பிடித்து, ஒன்றையொன்று கொடுக்கால் கிழித்துக்கொள்ளாதபடி தனித்தனிக் குழாய்களில் நிறுத்தி, ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் அனுப்புவார்கள். 2020-ல் கொரோனா வந்து ஐரோப்பிய உணவகங்கள் மூடியபோது, வாங்க ஆளில்லாமல் மீனவர் பலர் துறைமுக மேடையிலேயே நின்று உள்ளூர்க்காரர்களுக்கு விற்றார்கள். 2021 ஜனவரியில் பிரெக்ஸிட்டுக்குப் பிந்தைய ஏற்றுமதித் தாள்களால் சரக்கு தேங்கிக் கெட்டு, கடலுணவு லாரிக்காரர்கள் லண்டனுக்கே போய்ப் போராடினார்கள். தங்கள் கரையில் கிடைப்பது இவ்வளவு நல்லது என்பதை இந்த ஊர்க்காரர்கள் பலர் அந்த நாள்களில்தான் அறிந்தார்கள் என்று நான் நினைக்கிறேன். கிச்சினின் புகழ்பெற்ற பண்டம் ஒன்றில் இந்த லாங்குஸ்டீனின் வாற்பகுதியைப் பன்றித் தலை இறைச்சியோடு பரிமாறுகிறார்கள். எலும்பு நீக்கிச் சுருட்டி வேக வைத்த தலை இறைச்சியும், மொறுமொறுவென்று பொரித்த காதும் இருக்கும். டாம் கிச்சின் லண்டனில் பியர் கோஃப்மன் என்ற பிரெஞ்சுச் சமையற்காரரிடம் வேலை கற்றவர். பன்றிக் காலை அடைத்துச் சமைப்பதில் பேர் பெற்றவர் அந்தக் குரு. எறியப்படும் பாகங்களில்தான் ஒரு சமையற்காரனின் கை தெரியும் என்பது என் துணிபு. மாட்டிறைச்சியின் முதல்தரத் துண்டை யாரும் வாட்டிவிடலாம்.

சால்மனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஸ்காட்லாந்து என்றதும் சம்பந்தி ஐயா காட்டாற்றில் துள்ளும் சால்மனை எதிர்பார்ப்பார். ஆற்று மீன் வெகுவாகக் குறைந்துவிட்டதால் 2016-லிருந்து கடலோர வலைகளில் சால்மன் பிடிப்பதைத் தடை செய்துவிட்டார்கள். இன்று கடைகளில் விற்கும் ஸ்காட்லாந்துச் சால்மன் பெரும்பாலும் கூண்டுப் பண்ணை மீன். இல்லை என்று சொல்லும் உணவகத்தை நான் கூடுதலாக மதிக்கிறேன். அதற்குப் பதிலாக ஹேடக் மீனைக் கேட்கச் சொல். ஆர்ப்ரோத் ஊரில் அதை இரண்டிரண்டாக வாலில் கட்டித் தொங்கவிட்டுக் கட்டைப் புகையில் வேக வைக்கிறார்கள், ‘ஆர்ப்ரோத் ஸ்மோக்கி’ என்று பெயர். 2004 முதல் அந்த ஊரிலும் அதைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள்ளும் செய்ததை மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம்.

சம்பந்தி அம்மா சைவம் என்பதால் நீ கவலைப்பட வேண்டியதில்லை. முன்பதிவு செய்யும்போதே தெரிவித்துவிட்டால் தனியாகச் சமைத்துத் தருவார்கள். ஆனால் ‘சைவம்’ என்று மட்டும் எழுதாமல், கோழிச் சாறோ மீன் சாறோ அடிப்படையாக ஊற்றாத குழம்பு வேண்டும், கன்றின் இரைப்பைச் சத்து இட்டு உறைய வைத்த பாற்கட்டி வேண்டாம் என்று விளக்கமாக எழுது. இங்கே பலரும் இந்த இரண்டையும் சைவக் கணக்கில் மறந்துவிடுகிறார்கள். ஆகஸ்ட் கடைசி அவருக்கும் நல்ல காலம். காளான், பீட்ரூட், பட்டாணி, புது உருளைக்கிழங்கு எல்லாம் கிடைக்கும். ஆர்க்னித் தீவுகளில் நெடுங்காலமாக விளையும் பேர் என்ற வாற்கோதுமையின் மாவில் சுட்ட ரொட்டி கிடைத்தால் விடவேண்டாம். வறுத்த ஓட்ஸ், பாலாடை, தேன், ராஸ்பெர்ரி சேர்த்த கிரானகன் என்ற இனிப்பில் விஸ்கி ஊற்றுவார்கள் என்பதையும் அவரிடம் முன்னரே சொல்லிவிடு.

பக்கத்தில் விளைந்தது மட்டும்தான் என்று எந்த உணவகம் சொன்னாலும் அதை எழுத்துக்கு எழுத்து நம்பவும் வேண்டாம். கிளெனீகிள்ஸ் விடுதியில் ஆண்ட்ரூ ஃபேர்லி தொடங்கிய உணவகத்துக்கு இரண்டு மிஷலின் நட்சத்திரங்கள் உண்டு. அவர் 2019-ல் காலமானார். அவருடைய பெயரைச் சொல்லும் பண்டம், பழைய விஸ்கிப் பீப்பாய் மரத்தில் புகையூட்டிய சிங்கி இறால். அதன் மேல் ஊற்றும் வெண்ணெயில் எலுமிச்சை இருக்கிறது, அது எந்த ஸ்காட்லாந்து மரத்தில் காய்த்தது? எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. மிளகு இல்லாவிட்டால் ஸ்காட்லாந்தின் தேசியப் பண்டமான ஹாகிஸே இல்லையே.

டிசம்பரைத் தவிர்க்கவே முடியாது என்றால் அதற்கும் ஒரு தட்டு உண்டு. பெண் மான் இறைச்சியும் கேல் கீரையும் வேர்க் கிழங்குகளும் அப்போது நன்றாக இருக்கும். இந்த நாட்டுக்கே உரிய தட்டைச் சிப்பிக்கும் அதுதான் பருவம். லீத்தை ஒட்டிய ஃபோர்த் கழிமுகத்தில் அந்தச் சிப்பி ஒரு காலத்தில் குவிந்து கிடந்தது. நியூஹேவன் மீன்காரப் பெண்கள் கூடையில் சுமந்துவந்து விற்க, எடின்பரோவின் மதுக்கடைகளில் ஏழை எளியவர்கள் வயிறாரத் தின்றார்கள். அளவின்றி வாரியதில் இருபதாம் நூற்றாண்டுக்குள் அது அங்கே அற்றுப்போயிற்று. இப்போதுதான், 2023 முதல், மறுபடி விட்டு வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். இன்று பட்டியலில் அதன் விலையைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்.

முன்பதிவு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே செய்துவிடு. கடன் அட்டை எண்ணைக் கேட்பார்கள், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் தொகை பிடித்துக்கொள்வார்கள். இரவு விருந்து மூன்று மணி நேரம் நீளும் என்பதால், பெரியவர்களுக்குச் சிரமமாக இருக்குமானால் மதிய நேரத்தை எடு. சமையல் அதே கைதான், பணமும் குறையும். கழுத்துப்பட்டை அவசியமில்லை. சம்பந்தி அம்மா பட்டுப்புடவையிலேயே வரலாம். உணவோடு எந்த மது என்பதை மாப்பிள்ளை அங்கே பரிமாறுபவரிடமே விட்டுவிடட்டும், விஸ்கியை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளச் சொல்.

சம்பந்தி அம்மா முட்டை சேர்த்துக்கொள்வார்களா என்பதையும், ஆகஸ்ட் 28-க்குப் பிறகு உனக்கு எந்த நாள் ஒத்துவரும் என்பதையும் இந்த வாரத்துக்குள் எழுது. மேசை எத்தனை பேருக்கு என்ற குழப்பம் வேண்டாம்: உன்னையும் சேர்த்து நீங்கள் நால்வர், நாங்கள் இருவர், ஆறு பேருக்கு மேசை வேண்டும் என்றே கேள்.

அன்புடன்,
அப்பா