களிமண்ணும் கோரையும் தந்தவர்களுக்கு

எங்கள் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கைவேலைக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பாராட்டு போய்ச் சேரவேண்டிய இடம் வேறு என்பதால் இந்த மடல்.

எங்களுக்கு ஓவிய ஆசிரியர் கிடையாது. வகுப்பாசிரியை நான்தான் எல்லாவற்றுக்கும். படம் வரையச் சொன்னால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. ஒன்றாம் வகுப்பிலிருந்து இதே படம்தான். ஒன்பது, பத்து வயதில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும். வரைந்தது நிஜம்போல இல்லை என்று பிள்ளைகளுக்கே தெரிய ஆரம்பித்துவிடும். "எனக்கு வரைய வராது டீச்சர்" என்று ரப்பரால் தேய்த்துத் தேய்த்தே தாளைக் கிழிக்கிற வயசு. சரி, தாளைக் கொஞ்சம் ஓரம் வைப்போம் என்று நினைத்தேன். ஒரு பக்கம் மண்பாண்டத்துக்குப் பேர்போன காருகுறிச்சி, இன்னொரு பக்கம் கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடை இருக்க, வண்ணக் காகிதம் வாங்க டவுனுக்கு எதற்கு ஓட வேண்டும்?

முதல் நன்றி காருகுறிச்சி மண்பாண்டத் தாத்தாவுக்கு. மண்ணைக் கல் நீக்கிப் பிசைந்து, ஈரச்சாக்கில் சுற்றி அவரே கொண்டுவந்தார். பாதிப் பிள்ளைகள் செய்தது நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதியைத்தான். 2025 ஜனவரியில் இறந்துபோன அந்த யானையை இன்னும் யாரும் மறக்கவில்லை. ஒரு பையனின் யானைக்கு வயிறு முழுக்கக் கட்டி மண். தாத்தா அதைக் கவிழ்த்து, கரண்டிக் காம்பால் அடியிலிருந்து குடைந்தெடுத்தார். "வெளிய கனமா தெரியணும், உள்ள காலியா இருக்கணும். இல்லேன்னா சூளையில டமார்னு போயிரும், பேராண்டி." தும்பிக்கை ஒட்டுகிற இடத்தை ஈர்க்கால் கீறி, சேற்றைக் குழைத்துத் தடவி ஒட்டச் சொன்னார். நிழலில் காயவைத்த பிறகு, தம்முடைய சட்டி பானைகளோடு அவற்றையும் சுட்டுக் கொடுத்தார். உடைந்தவை சில தும்பிக்கைகள் மட்டும்தான். களிமண்ணில் அழிரப்பருக்கு வேலை இல்லை. பிடிக்காவிட்டால் அமுக்கிவிட்டு மறுபடி செய்யலாம். "எனக்கு வராது" என்ற பேச்சே அந்த வாரம் கேட்கவில்லை.

அடுத்து பத்தமடை அக்கா. நெய்து மிஞ்சிய சாயக்கோரைத் துண்டுகளைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தார். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையின் இரு ஓரங்களிலும் வெட்டுப் போட்டு, பாவுக்கு நூல் கட்டி, கோரையை மேலும் கீழுமாக நுழைத்துப் பிள்ளைகள் சின்னச் சின்னப் பாய் நெய்தார்கள். முன்பெல்லாம் சப்பாங்கட்டை என்ற மரக்கட்டையைக் கொதிக்கவைத்துச் சிவப்புச் சாயம் எடுப்பார்கள் என்று அக்கா சொன்னதும், அதையும் பார்த்தே தீரவேண்டும் என்று ஒரே அடம். சத்துணவு அக்கா, சமையல் முடிந்த அடுப்பை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தார், ஆனாலும் கொடுத்தார்.

பனங்குருத்து வெட்டித் தந்த அண்ணாச்சிக்கும், ஓலைக் காத்தாடிக்கு உடைமுள் குத்தச் சொல்லிக்கொடுத்த ஆச்சிக்கும் நன்றி. ஆச்சியைவிட வேகமாக மடிக்கிற ஆள் வகுப்பில் இன்னும் இல்லை. வெட்டுத்தாளை மூட்டையாகக் கொடுத்த அச்சகத்து அண்ணாச்சிக்கும் நன்றி. அப்புறம், "அந்தப் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கலாமே" என்று சிலர் கேட்டபோது, "கணக்குக்கு வேறு பீரியட் இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்ட எங்கள் தலைமையாசிரியைக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: யானைகள் மேசையில் பெயரோடு இருக்கின்றன, இந்த வாரத்துக்குள் வாங்கிக்கொள்ளுங்கள். பத்தமடை அக்கா, உங்கள் சாயச்சட்டியைக் கழுவி வைத்துவிட்டேன். திங்கட்கிழமை நானே கொண்டுவருகிறேன்.