சுகாதாரச் செயலிகளை வன்னியில் வைத்தே சோதியுங்கள்

ஆசிரியருக்கு,

குறுஞ்செய்தியால் ஒருவரின் பழக்கம் மாறும் என்பதற்குச் சான்று உண்டு. பிரித்தானியாவில் 5,800 புகைப்போரிடம் நடத்திய பரிசோதனையின் முடிவு 2011இல் வெளியானது. கைவிடத் தூண்டும் செய்தி பெற்றவர்களில் 10.7 வீதத்தினர் ஆறு மாதம் புகைக்காமல் இருந்தார்கள். வேறு விடயச் செய்திகள் பெற்றவர்களில் அது 4.9 வீதம். வாய்ச்சொல்லை நம்பாமல் உமிழ்நீரையும் பரிசோதித்தார்கள். ஆனால் கொழும்பிலோ சென்னையிலோ வடிவமைத்த சுகாதாரச் செயலியையோ செய்திச் சேவையையோ அப்படியே வன்னியில் இறக்கினால் அது பல இடங்களில் பிழையாகிவிடும்.

முதலில் எழுத்து. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70 இடம்தான். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். "மருந்து எடுத்தனீங்களோ?" என்பதில் கண்ணுக்குத் தெரிவது 12 எழுத்து. இடைவெளி, கேள்விக்குறியோடு அது பிடிக்கும் இடம் 22. 70ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும், செலவும் இரட்டிக்கும். தமிழ் எழுத்துரு இல்லாத பழைய பட்டன் போனில் வெறும் கட்டங்களே தெரியும். வயதானவர்களுக்கு 30 செக்கன் குரல் அழைப்பே மேல், அதுவும் வன்னிப் பேச்சில்.

அந்தப் போன் யாருடையது? பல வீடுகளில் அது மகனிடமோ பேத்தியிடமோ இருக்கும். ஆகவே நோயின் பெயரை முதல் வரியில் போடக் கூடாது. பதியும்போதே போன் எத்தனை மணிக்கு உரியவரின் கைக்கு வரும் என்று கேட்டு, அந்த நேரத்துக்கே அனுப்ப வேண்டும்.

நிரல் எழுதுமுன் திரைகளைத் தாளில் வரைந்து ஐந்தாறு பேரிடம் கொடுங்கள். "நேற்று இரவு எடுத்த மருந்தைப் பதிஞ்சு காட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் தடுமாறும்போது கையை நீட்டி உதவுவதுதான் சோதிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. தடுமாறிய இடத்தைக் குறிப்பதே வேலை. திருத்தி, வேறு ஆட்களுடன் இன்னும் இரண்டு சுற்றாவது பாருங்கள். சோற்றைக் கிராமில் கேட்டால் பதில் வராது, எத்தனை அகப்பை என்று கேளுங்கள்.

நடை எண்ணும் கருவி இங்கே பெரிதாக ஏமாற்றும். வயலுக்குப் போகிறவர் போனை வீட்டில் விட்டுப் போவார். சைக்கிள் மிதிப்பதும் குந்தியிருந்து களை பிடுங்குவதும் கணக்கில் வராது. லாண்ட்மாஸ்டர் எனும் இருசில்லு உழவு இயந்திரத்தின் அதிர்வோ அடிகளாகப் பதிந்துவிடக்கூடும். தினமும் "மருந்து எடுத்தீர்களா" என்று கேட்டாலும் தொல்லை தீரட்டும் என்று "ஓம்" என்பதற்கான 1ஐ அழுத்திவிடுவார்கள். கிளினிக்குக்கு வரும் நாளில் மிச்சக் குளிசைகளை எண்ணிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

காலபோக நெல் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்துத் தை, மாசியில் அறுப்பது. அறுவடையோடு உடலுழைப்பு தானாகக் குறையும். தையில் தொடங்கிப் பங்குனியில் முடிக்கும் சோதனை, நல்ல கருவியையும் பயனற்றதாகக் காட்டும். ஒப்பிட ஒரு குழுவும் முழு ஆண்டும் தேவை. சலரோகத்தில் இரத்தச் சர்க்கரையின் ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை அளவை ஆறு கிழமையில் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

ஒரே ஊரில் பாதிப் பேருக்குக் கொடுத்தால் செய்தி வேலி தாண்டி மற்றப் பாதிக்கும் போய் ஒப்பீடு கெடும். கிராம அலுவலர் பிரிவு முழுவதையும் ஒரு குழுவாக்கிக் குலுக்கல் முறையில் பிரியுங்கள். ஓர் ஊரார் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் அதற்குக் கூடுதல் ஆட்கள் தேவை. பிரிவுக்கு 20 பேர், உள்ளொப்புமை (ஒரே பிரிவினர் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு) 0.05 என்றால் 1 + 19 × 0.05 = 1.95, அதாவது தேவையான ஆட்கள் ஏறத்தாழ இரட்டிப்பு. பிரிவுக்குள் ஆட்களைக் கூட்டுவதைவிடப் பிரிவுகளைக் கூட்டுவதே பயன் தரும்.

எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதை வெற்றியாக அறிவிப்பதை நிறுத்துங்கள். இடையில் விலகியவர்களையும் சேர்த்தே கணக்கிடுங்கள். பதில் வராத ஒவ்வொருவரின் வீட்டுக்கும் ஒரு தொண்டரை அனுப்பிக் காரணம் கேளுங்கள். அவர் பழக்கத்தைக் கைவிட்டாரா, அல்லது சிம்மை மட்டும் மாற்றினாரா என்பதை எந்தக் கணினியும் சொல்லாது.

சுகாதாரத் தகவல் தொழில்நுட்பப் பணியாளர்கள்,
கிளிநொச்சி.