சிருங்காரத்துக்கு ஏன் முக்காடு?

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் சிங்கப்பூர்ப் பரதநாட்டிய மேடைகளில், நிகழ்ச்சியின் மையமான நீண்ட உருப்படியாகிய வர்ணம் தொடங்குமுன் அறிவிப்பாளர் சொல்வது பலருக்கும் மனப்பாடம்: "இது பரமாத்மாவை நாடும் ஜீவாத்மாவின் ஏக்கம்." அடுத்த அரை மணி நேரத்துக்கு மேல் மேடையில் ஒருத்தி தோழியைத் தூது அனுப்புகிறாள், படுக்கை விரிக்கிறாள், மன்மதன் அம்பு தைத்துத் துடிக்கிறாள். உட்லண்ட்ஸிலிருந்து வந்த பெற்றோர், கூட அழைத்துவந்த சீன நண்பருக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் "சாமி பாட்டு" என்று முடித்துக்கொள்கிறார்கள். காதல் சுவையான சிருங்காரத்துக்கு இந்த முக்காடு ஏன்?

பக்திப் பொருள் பொய்யில்லை. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியும் மாணிக்கவாசகரின் திருக்கோவையாரும் அதற்குச் சாட்சி. ஆனால் காமத்தைக் காமமாகவே உணர்த்திய பிறகுதான் அந்த இரண்டாம் பொருள் ஏறும். முதல் படியை இடித்துவிட்டு இரண்டாவதில் எப்படிக் கால் வைப்பது?

காமம் என்ற சொல் இன்று கிட்டத்தட்ட வசை. வள்ளுவரோ அதற்கு 25 அதிகாரம், 250 குறள் கொடுத்தார். அவற்றில் கூடிய மகிழ்ச்சியைத் தலைப்பாகக் கொண்டது புணர்ச்சி மகிழ்தல் ஒன்றுதான். மற்றவை பார்வை, குறிப்பு, நாணம், ஊர்ப்பேச்சு, பிரிவு, கனவு, ஊடல் என்று விரிகின்றன. அந்த ஓர் அதிகாரத்தின் கடைசிக் குறளும் அறிவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது: "அறிதோறு அறியாமை கண்டற்றால் காமம் செறிதோறும் சேயிழை மாட்டு." கற்கக் கற்க நம் அறியாமை தெரிவதுபோல, நெருங்க நெருங்க அவள் புதிதாகிறாள். கிரேக்கத்தில் பிளேட்டோ, காமத்தின் உருவமான ஈரோஸை வளத்துக்கும் வறுமைக்கும் பிறந்த பிள்ளை என்று எழுதினார். இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவே அலைகிறவன். தடையும் மீறலும் சேர்ந்துதான் காமத்தை உருவாக்குகின்றன என்று 1957இல் பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் பத்தாய் வாதிட்டார். "ஊரவர் கௌவை எருவாக அன்னைசொல் நீராக நீளும்இந் நோய்" (ஊர்ப்பழி எருவாக, தாயின் கண்டிப்பு நீராகக் காதல் நோய் வளர்கிறது) என்ற குறளைப் படித்தவர்களுக்கு அது புதுச் செய்தியல்ல. பத்தாய் அதை மரணத்தோடு கொண்டுபோய்க் கட்டினார். நம் ஆள் ஊடலில் கொண்டுபோய் முடித்தார். எனக்கு நம் ஆளைத்தான் பிடிக்கிறது.

சங்கப் புலவர்கள் இதைத் தொழில் நுணுக்கமாகவே வைத்திருந்தார்கள். காதலைப் பாடும் அகப்பாட்டில் தலைவன், தலைவி பெயர் வரக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் வேலில் கட்டிய வேம்பு, பாண்டியரின் அடையாளம் என்பதால், பாண்டியனைக் காட்டிக்கொடுக்கிறது; அதனால் அதைப் புறம் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். ஒரு வேப்பந்தழைக்கு இவ்வளவு கண்டிப்பா? காரணம் உண்டு. பெயர் வந்தால் அது இன்னாருடைய அந்தரங்கம், கேட்பவர் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பவர். பெயர் இல்லையென்றால் அந்த ஏக்கம் கேட்பவருடையது. ஆபாசத்துக்கும் சிருங்காரத்துக்கும் இடையிலான கோட்டை நான் இங்கேதான் போடுவேன். ஆடையை அளந்து போடமாட்டேன்.

மேடையில் கெடுவது வேறு இடத்தில். பதம் என்ற நிதானமான அபிநயப் பாட்டில் ஒரே வரி எட்டு, பத்து முறைகூடப் பாடப்படும். ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு சொல் புது நினைவாக, புதுச் சாடையாக விரியவேண்டும். எல்லா முறையும் ஒரே கடைக்கண் என்றால் மூன்றாவதில் சலிப்பு, ஐந்தாவதில் கூச்சம். நாயிகைகளை, அதாவது பாட்டுத் தலைவியரின் வகைகளை, குழப்புவது இன்னொன்று. காத்திருக்கும் வாசகசஜ்ஜிகை விளக்கைத் தூண்டுவாள், வாசலைப் பார்ப்பாள். வேறொருத்தியிடம் இரவைக் கழித்துவிட்டு விடியலில் வருகிறவனை எதிர்கொள்ளும் கண்டிதை, அவன் தோளிலுள்ள நகக்குறியைப் பார்ப்பாள். இருவருக்கும் ஒரே புன்னகை கொடுத்தால் பாட்டு செத்தது. 14 வயதுப் பிள்ளைக்குக் கணிகை பேசும் ஜாவளி என்ற துள்ளலான காதல் பாட்டைச் சொல்லிக்கொடுப்பதும் தவறுதான். அந்தக் குற்றம் தேர்ந்தெடுத்தவருடையது, சிருங்காரத்துடையது அல்ல. சிருங்காரத்தைக் களைய நினைத்த, கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவியின் போக்கைப் பரதக் கலைஞர் பாலசரஸ்வதி ஏற்காததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நிகழ்ச்சித்தாள் அச்சிடுவோருக்கு ஒரு யோசனை. செய்யுள் உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம் என்று தொல்காப்பியம் சொல்லும் நான்கையும் ஒவ்வொரு உருப்படிக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். "பேசுபவள் தலைவி. கேட்பவள் தோழி. இடம் வீட்டுத் திண்ணை. நள்ளிரவு தாண்டிவிட்டது, அவன் வரவில்லை." பரமாத்மாவை ஐந்தாவது வரியில் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நாட்டிய ரசிகர், சிராங்கூன்