வாசலில் ஓர் ஓடை

பெருமாள்புரம்,
பாளையங்கோட்டை.

அன்புள்ள ஆறுமுகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்பச் சந்தோஷம். மதினிக்கு முட்டுவலி தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம்.

அம்பாசமுத்திரத்து வீட்டை எடுத்துக் கட்டுவதாகவும், மழைத்தண்ணீர் தேங்காமல் இருக்க முன்பக்கம் முழுக்கச் சிமெண்ட் தளம் போட மருமகன் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. எங்கள் வாசலில் வெட்டியிருக்கும் ஓடையைப் பற்றிச் சொல்கிறேன், அப்புறம் முடிவு செய்.

எங்கள் தெருவில் ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வாசலைச் சிமெண்டால் மூடிவிட்டார்கள். அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகும்? நம் வீட்டுக்குத்தான். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 5 செ.மீ. மழை பெய்தாலே சுமார் 4,600 லிட்டர் வழிகிறது. மற்ற மாசமெல்லாம் காயப்போட்டுவிட்டு ஐப்பசி, கார்த்திகையில் சேர்த்துக் கொட்டுகிற ஊர் வேறு.

கொத்தனார் அண்ணாச்சி குழாய் புதைக்கலாம் என்றார். புதைத்த குழாயில் வேப்பிலையும் மண்ணும் அடைத்தால் எந்த இடம் என்று யார் தேடுவது? திறந்து கிடந்தால் மண்வெட்டியால் வாரிப் போட்டுவிடலாம். களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கம் மலையடிவாரத்தில் கோடை முழுக்க வெறும் கல்லாகக் கிடந்து, மழைக்கு மட்டும் தண்ணீர் இறங்குமே காட்டோடை, அதைத்தான் சின்னதாக வாசலில் போட்டிருக்கிறோம்.

இதில் கல்லை விட வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவுதான் முக்கியம். நல்ல மழையில் குடையோடு நின்று தண்ணீர் தானாக எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, மறுநாள் அதே தடத்தில் கோலமாவால் கோடு இழுத்தேன். கொத்தனார் அண்ணாச்சி, தண்ணீர் நிரப்பிய டியூபை இரண்டு பக்கமும் பிடித்து மட்டம் பார்த்தார். 50 அடிக்கு ஓர் அடியாவது இறங்க வேண்டும். எங்கள் 30 அடி ஓடைக்குச் சுமார் 7 அங்குலம். அகலம் 3 அடி, நடுவில் ஆழம் ஒன்றரை அடி. பக்கங்களைச் செங்குத்தாக வெட்டாமல் சரிவாக விட்டோம், இல்லையென்றால் கரை இடியும். அஸ்திவாரத்தை ஒட்டி மட்டும் ஓடையைக் கொண்டு போகாதே.

அடியில் தார்பாய் விரிக்கச் சொல்வார்கள், கேட்காதே. தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வேண்டுமே! ஜியோ டெக்ஸ்டைல் துணி என்று கேட்டு வாங்கு. தண்ணீரை விடும், சேறு மேலே வந்து கல்லோடு கலக்காது. அதன் மேல் 40 மி.மீ. ஜல்லி. ஓரத்தில் பெரிய கற்களை மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி பதித்தோம். கடையில் பாலிஷ் போட்ட வெள்ளைக் கூழாங்கல்லை மூட்டையாக விற்கிறார்கள், அதைப் பரப்பினால் வாசல் கல்லறைத் தோட்டம் மாதிரி இருக்கும். போதாததற்கு வேகமாகத் தண்ணீர் வந்தால் உருண்டு ஓடியும் விடும். குவாரிக் கல் முனை உள்ளது, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். ஆற்றில் கல் அள்ளும் வேலையே வேண்டாம். மாடிக் குழாய் விழுகிற இடத்தில் ஒரு பாவுகல், அதுதான் தட்டைக்கல், போட்டுவிடு, மண் அரிக்காது.

ஓடை முடிகிற இடத்தில், தண்ணீர் மண்ணுக்குள் இறங்க ஓர் உறிஞ்சுகுழி. வெட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் சின்னக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார். மறுநாளும் தேங்கி நின்றால் அது களிமண், வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் கொசு வந்துவிடும். குழி நிறைந்தால் மிச்சம் தெரு வாய்க்காலுக்குப் போக ஒரு வழியும் வேண்டும். பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டால் பிறகு சண்டைதான்.

என் வீட்டுக்காரி, உன் மதினி, முதலில் 'காசு கொடுத்து வாசலில் பள்ளம் தோண்டின மனுஷன்' என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கோலம் போட இடம் போச்சே என்பதுதான் கோபம். அகலமான பாவுகல் ஒன்றைக் குறுக்கே பாலமாகப் போட்டதும் அடங்கிவிட்டாள், கோலம் இப்போது அதன் மேல். எதிர்வீட்டு அண்ணாச்சிக்குப் பாம்பு பயம். நியாயம்தான். கல் இடுக்கையெல்லாம் ஜல்லியால் அடைத்து, சருகை அவ்வப்போது வாரிவிடுகிறோம். கரையில் வெட்டிவேர் வைத்திருக்கிறேன், மண்ணை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது.

போன கார்த்திகை மழையில் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் செம்மண் கலங்கலாக, சருகைத் தள்ளிக்கொண்டு வந்தது. பெரிய கல்லில் முட்டி இரண்டாகப் பிரிந்து கீழே சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. மழை விட்ட பிறகு கற்களில் தண்ணீர் ஏறின உயரத்துக்கு வண்டல் கோடு இருந்தது. விளிம்புக்கு இன்னும் அரைச்சாண் பாக்கி!

ஒன்று மட்டும் மருமகனிடம் சொல்லிவிடு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, தாமிரபரணியே திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்குள் வந்ததே, அந்த மாதிரி நாளில் இந்த ஓடையை நம்பி உட்காரக் கூடாது. இது வழக்கமான அடைமழைக்கு.

மனையின் நீள அகலத்தையும், தெரு எந்தப் பக்கம் உயரம் என்பதையும் எழுதி அனுப்பு. கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் அனுப்பு. தை பிறந்ததும் நானே பஸ் ஏறி வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
சங்கரன்